'சங்கர்' எங்கே போனார்? பழைய பில்லிங் சாஃப்ட்வேரை யூனிகோடுக்கு மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை!

கணினித் திரையில் 'சங்கர்' என்ற பெயர் பளிச்சென்று தெரிகிறது. அதே பெயரைத் தேடும் கட்டத்தில் அடித்தால், 'அப்படி யாரும் இல்லை' என்கிறது சாஃப்ட்வேர். கண்ணுக்குத் தெரியும் பெயர் கணினிக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாகத் தமிழில் பில் போட்டுவரும் கடைகள், பைனான்ஸ் நிறுவனங்கள், லாரி புக்கிங் ஆபீஸ்கள் யூனிகோடுக்கு மாறும்போது சந்திக்கும் சிக்கல்களில் இது முதன்மையானது.

சேலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் சூரமங்கலம். மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. 2007 நவம்பர் 1-ம் தேதி உருவான சேலம் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமும் இதுதான். உழவர் சந்தை, இரும்பாலைக்குப் போகும் ரோடு என எப்போதும் வியாபாரம் நடக்கும் பகுதி. இப்படிப்பட்ட ஊர்களில் கணினி வந்த புதிதில் யாரோ ஒரு உள்ளூர் புரோகிராமர் எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் தமிழில், ஆனால் பழைய எழுத்துருவில்!

அதை மாற்றலாமா, அப்படியே விடலாமா? 'கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்குவார்' என்று விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை இது. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அந்தப் பெயர்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய எழுத்துரு என்ன செய்தது?

யூனிகோடு பரவும் முன் கணினிக்குத் தமிழ் எழுத்து என்று தனியாக எதுவும் தெரியாது. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்துவைத்தார்கள். அதுதான் எழுத்துரு. இலங்கைத் தமிழரிடமும் நம்மூர் டி.டி.பி. சென்டர்களிலும் பரவலாக இருந்த 'பாமினி'யை எடுத்துக்கொள்வோம். அதில் 'சூரமங்கலம்' என்று அச்சாகும் சொல்லைக் கணினி தன் வயிற்றுக்குள் வைத்திருப்பது இப்படி: ஹேஷ் குறி, யு, கே, கியூ, அரைப்புள்ளி, எஃப், ஒய், கே, அரைப்புள்ளி. மொத்தம் ஒன்பது குறிகள். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது சூரமங்கலம். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துரு செய்தது. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ம' இருக்கும். ஒரு பத்திரிகையின் இணையதளத்தைப் படிக்க அந்தப் பத்திரிகையின் எழுத்துருவை முதலில் இறக்க வேண்டியிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டுமுறைகளும், 'தமிழ்99' விசைப்பலகையும் அங்கிருந்துதான் தரமாக வந்தன.

அதற்கு முன்பே, 1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. உலகின் எந்த மொழி எழுத்துக்கும் ஒரே ஒரு நிரந்தர எண் என்பதுதான் யூனிகோடின் அடிப்படை. தமிழ் 'க'வின் எண் சேலத்திலும் சிங்கப்பூரிலும் ஒன்றே. விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடையும் அதோடு 'டேஸ் 16' என்ற குறியீட்டுமுறையையும் தரமாக அறிவித்தது தமிழக அரசு.

இன்று உங்கள் செல்போனில் வாட்ஸ்அப், யூடியூப், வங்கி ஆப் எதில் தமிழ் தெரிந்தாலும் அது யூனிகோடு. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தனித் தீவாக நிற்கிறது.

மாறாவிட்டால் என்ன நஷ்டம்?

தவணைக்குப் பொருள் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். 20 வருடக் கணக்கு, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள். முதலாளிக்கும் கணக்கு எழுதும் பெண்ணுக்கும் இடையே பேச்சு இப்படிப் போகலாம்:

"ஏம்மா, ரசீதை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லி அவங்க கேட்டாங்களே, அனுப்பிட்டியா?"

"பேரை காப்பி பண்ணிப் போட்டா இங்கிலீஷ்ல ஏதேதோ வருதுங்கண்ணா. போட்டோ எடுத்துத்தான் அனுப்புனேனுங்க."

ஒரு ரசீது என்றால் போட்டோ எடுக்கலாம். தினமும் நூறு ரசீது என்றால்? பெயரை காப்பி செய்து வேறெங்கும் ஒட்ட முடியாது. எக்ஸெல்லில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பினால் அவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். செல்போனில் கணக்குப் பார்க்க முடியாது. அந்த எழுத்துரு புதிய கணினியில் ஏறாமல் போகலாம். எழுதிக்கொடுத்த புரோகிராமரைத் தொடர்புகொள்ள முடியாமலும் போகலாம். பழைய கணினி ஒருநாள் படுத்துவிட்டால், பேக்கப் இருந்தாலும் அதைப் படிக்க வழி தெரியாது.

பெரிய நிறுவனங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேரில், ஜப்பானியம், ரஷ்யன், ஜெர்மன் என்று மொழிவாரியாக வெவ்வேறு குறியீட்டு அட்டவணைகளை ஒரே கணினியில் கலந்து ஓட்டிய காலம் உண்டு. தவறான மொழியில் லாக்-இன் செய்து ஒரு பெயரைச் சேமித்தால் டேட்டா கெட்டுவிடும். கடைசியில் எஸ்.ஏ.பி. கதவைச் சாத்தியது. 2015-ல் வந்த அதன் நெட்வீவர் 7.5 பதிப்பு யூனிகோடில் மட்டும்தான் ஓடும். இப்போதைய எஸ்/4 ஹானாவும் அப்படித்தான். மாறாத நிறுவனங்கள் பழைய பதிப்போடு நிற்க வேண்டியதுதான்.

மாற்றினால் என்ன ஆபத்து?

'கன்வெர்ட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல மாறிடும்' என்பார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை என்றால் அது சரி. தப்பு வந்தால் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். ஆயிரக்கணக்கான பெயர்களை யாரும் வரிவரியாகப் பார்க்கப்போவதில்லை. அங்கேதான் ஐந்து பள்ளங்கள் இருக்கின்றன.

1. கால் போட்ட 'ர்': பழைய எழுத்துருக்கள் பலவற்றில் 'ர'வும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் அடிப்பவர்கள் 'ர்' வர வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றும்போது அந்தத் தவறு அப்படியே கூடவே வரும். திரையில் 'சங்கர்' போலவே தெரியும், ஆனால் கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது. 'இல்லை' என்று நினைத்துப் புதிதாக ஒரு சங்கரைச் சேர்ப்பார்கள். இனிமேல் கட்டும் தவணை புதிய சங்கர் கணக்கில் ஏறும், பழைய சங்கர் பாக்கிக்காரராகவே நிற்பார். நேர்மையாகக் கட்டிய மனிதருக்கு நோட்டீஸ் போகும் நிலை இப்படித்தான் வருகிறது.

2. ஆங்கிலமும் தமிழும் கலந்த பெயர்கள்: ஒரே கட்டத்தில் சிலர் பெயர் தமிழிலும் சிலர் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும். பாமினிக்கு இரண்டும் ஒன்றே. 'முருகன்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துவைத்த பெயரைக் கன்வெர்ட்டரில் போட்டால் 'அரசரபய' என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒன்று வரும். ஆங்கில எழுத்துருவில் அடித்த கமா 'இ' ஆகிவிடும். கதவு எண்ணுக்கும் தெருப் பெயருக்கும் நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு 'இ' நிற்கும்.

3. இடப் பற்றாக்குறை: இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. 'சூரமங்கலம்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்கு 10 குறிகள், ஆகவே 30 பைட். 'சூரமங்கலம் மெயின் ரோடு' என்றால் 62 பைட். பாமினியில் இதற்கு இருபது பைட் சொச்சம் போதுமாக இருந்தது. பழைய சாஃப்ட்வேரில் முகவரிக்கு 40 பைட் ஒதுக்கியிருந்தால், மாற்றிய பிறகு 'சூரமங்கலம் மெய' என்று பாதியில் நின்றுவிடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், திரும்ப வராது.

4. அகர வரிசை: யூனிகோடு எண் வரிசையில் 'ந'வை அடுத்தே 'ன' வருகிறது. ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. 'ஜ' நடுவில் புகுந்து 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் இடையே உட்கார்ந்திருக்கிறது. சாஃப்ட்வேர் எழுதுபவர் தமிழ் அகர வரிசையைத் தனியாக அமைக்காவிட்டால், பேரேட்டில் பெயர்கள் நாம் பள்ளியில் படித்த வரிசையில் வராது. 'ஒ' வரிசையிலும் ஒரு சிக்கல். 'பொ' என்பதை 'ப'வோடு ஒரே குறி சேர்த்தும் அடிக்கலாம், கொம்பு, கால் என இரண்டு குறி சேர்த்தும் அடிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லித்தராவிட்டால், பொன்னுசாமி இரண்டு பேர் ஆகிவிடுவார்.

5. பிரின்டரும் எஸ்.எம்.எஸ்ஸும்: கடைகளில் இருக்கும் சிறிய பில் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. பில்லைப் படமாக மாற்றித்தான் அச்சடிக்க முடியும். அதைச் செய்யும் வசதி புதிய சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும், அச்சடிக்கும் நேரமும் கொஞ்சம் கூடும். எஸ்.எம்.எஸ். கணக்கு இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70 குறிதான். 'வணக்கம். உங்கள் தவணை ரூ.1500 வரும் 5-ம் தேதி செலுத்த வேண்டும்.' என்ற ஒரு வரியே 62 இடத்தைப் பிடித்துவிடுகிறது. கடைப் பெயரையும் சேர்த்தால் இரண்டு எஸ்.எம்.எஸ். ஆகிவிடும், செலவும் இரட்டிப்பு. மாதம் ஆயிரக்கணக்கில் அனுப்பும் பைனான்ஸ் நிறுவனம் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

மியான்மர் சொன்ன பாடம்

இந்தப் போராட்டம் நமக்கு மட்டும் இல்லை. குறியீடு மாறி எழுத்து கிறுக்கலாகத் தெரிவதற்கு ஜப்பானில் 'மொஜிபாகே' என்று ஒரு சொல்லே உண்டு. பக்கத்து நாடான மியான்மரில் 'சாவ்ஜி' என்ற எழுத்துரு நாடு முழுக்கப் பரவியிருந்தது. செல்போனிலும் ஃபேஸ்புக்கிலும் அதுதான். யூனிகோடில் எழுதியவருக்கு சாவ்ஜியில் எழுதியது புரியாது, சாவ்ஜிக்காரருக்கு யூனிகோடு புரியாது. 2019 அக்டோபர் 1-ம் தேதியை மாறும் நாளாகக் குறித்து, நாடே யூனிகோடை நோக்கி நகர ஆரம்பித்தது. அதன்பிறகும் இரண்டும் சில காலம் கலந்தே இருந்தன. ஃபேஸ்புக் ஒவ்வொரு பதிவும் எந்த முறையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து மாற்றிக்காட்டும் ஏற்பாட்டைச் செய்தது.

அங்கிருந்து கடைக்காரருக்குக் கிடைக்கும் பாடம் இதுதான். ஒரே ராத்திரியில் எதுவும் மாறிவிடாது. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் இடைக்காலத்துக்குத் திட்டம் வேண்டும்.

அப்படியென்றால், மாறலாமா?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

அப்படியே விடுவது: பெயர், முகவரி எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்து, பில்லின் தலைப்பில் மட்டும் தமிழ் இருந்தால் பதற்றப்படத் தேவையில்லை. தலைப்பை மட்டும் யூனிகோடில் அடித்தால் போதும்.

புதிதாக ஆரம்பிப்பது: மளிகை, ஹார்டுவேர் போன்ற ரொக்க வியாபாரத்தில் பழைய வாடிக்கையாளர் விவரம் அதிகம் தேவைப்படாது. ஏப்ரல் 1-ம் தேதி புதிய சாஃப்ட்வேரில் யூனிகோடோடு ஆரம்பித்துவிட்டு, பாக்கி உள்ள கணக்குகளை மட்டும் கையால் ஏற்றிக்கொள்ளலாம். பழைய கணினியைப் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கலாம். ஆனால், காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது! ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும்.

முழுவதையும் மாற்றுவது: தவணை, சீட்டு, நகைக்கடன், லாரி வாடகை பாக்கி என்று வருடக்கணக்கில் ஓடும் கணக்கு இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. தள்ளிப்போடப் போட பழைய எழுத்துருவில் ஏறும் பெயர்கள் கூடிக்கொண்டே போகும், மாற்றும் வேலையும் கூடும்.

மாற்ற முடிவு செய்தால்...

* முதலில் எந்த எழுத்துரு என்று உறுதி செய்யுங்கள். பாமினியா, வானவில்லா, டாப்-ஆ? ஒரே கடையில் 2005 வரை ஒன்று, பிறகு வேறொன்று என்றும் இருக்கலாம்.

* முழு பேக்கப் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். மூல டேட்டாவின் மேல் எதையும் எழுத விடாதீர்கள். புதிய கட்டத்தில் யூனிகோடு பெயர் ஏறட்டும், பழைய கட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

* வாடிக்கையாளரைப் பெயரால் அடையாளம் காணாதீர்கள். கணக்கு எண், செல்போன் எண் இரண்டையும் வைத்துப் பொருத்துங்கள். எண்கள் மாறாது.

* மாற்றும் கருவிக்குப் பணம் கொடுக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் மாற்றிகளையும் இலவசமாகத் தருகிறது. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்', என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. மொத்தமாக மாற்ற புரோகிராமர்களுக்கு 'ஓப்பன் தமிழ்' என்ற திறந்த மூல நிரல்தொகுப்பு இருக்கிறது.

* முதலில் 200 பெயர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதில் ஆங்கிலப் பெயர், கமா உள்ள முகவரி, 'ர்' உள்ள பெயர், நீளமான ஊர்ப் பெயர், 'ஸ்ரீ', 'க்ஷ' உள்ள பெயர் எல்லாம் இருக்கட்டும். சரியாக வந்தபிறகு மீதியைத் தொடுங்கள்.

* துணைக்காலுக்கு மேல் புள்ளி வருகிற சொல் தமிழில் கிடையாது. அப்படி வந்த இடங்களை எல்லாம் தேடி 'ர்' ஆக மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். புரோகிராமரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

* மாற்றும் முன்பும் பின்பும் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையும், மொத்த பாக்கித் தொகையும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் புதிய சாஃப்ட்வேருக்கு மாறாதீர்கள்.

* குறைந்தது ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். தீபாவளி, ஆடித் தள்ளுபடி, மார்ச் மாதக் கடைசி ஆகிய நேரங்களில் மாற்றத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

* 'டேஸ் 16' தரும் சாஃப்ட்வேரை வாங்க வேண்டாம். பதிப்பு வேலைகளை மனதில் வைத்து உருவான அது, சாதாரண செல்போன்களில் தெரியாது. வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்ப வேண்டும் என்றால் யூனிகோடுதான்.

வேலை செய்பவர் கையையும் கவனியுங்கள்

பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம் இது. பல வருடமாக பாமினி முறையிலோ பழைய டைப்ரைட்டர் முறையிலோ அடித்துப் பழகிய கணக்குப்பிள்ளைக்கு, திடீரென்று தமிழ்99 கொடுத்தால் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். கோபத்தில் ஆங்கிலத்திலேயே அடித்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் மறுபடியும் இரண்டு மொழிக் கலப்பு ஆரம்பிக்கும். இதற்குச் சுலபமான வழி உண்டு. விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. கை பழகிய பாமினி முறையிலேயே அடித்து, உள்ளே யூனிகோடாகச் சேமிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்குப்பிள்ளையின் விரல்கள் மாறத் தேவையில்லை.

கடை இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை!

நீங்கள் வியாபாரி இல்லையென்றாலும் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. தவணையோ, நகைக்கடனோ, ஏலச்சீட்டோ வைத்திருக்கும் கடை 'புது சாஃப்ட்வேர் மாத்திட்டோம்' என்று சொன்னால், அடுத்தமுறை பணம் கட்டும்போது ரசீதை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், கணக்கு எண், இதுவரை கட்டிய தொகை நான்கும் பழைய ரசீதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மாற்றத்துக்கு முந்தைய கடைசி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயரில் கணக்கு இருந்தால் அவர்களுக்காக நீங்கள் பார்த்துக்கொடுங்கள்.

பெயர் தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள். அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. கடன் முடிந்து நகையைத் திருப்ப நிற்கும் நாளில் 'இந்தப் பேர்ல கணக்கே இல்லீங்களே' என்று சொன்னால், அதைச் சரிசெய்ய ஐந்து நாள் நடக்க வேண்டியிருக்கும்.